பார்வைக்கு எப்படி இருக்கு?

மூன்றாவது கெட்டில் வெந்நீரையும் ஊற்றிப் பார்த்தாயிற்று. குளிரில் உறைந்துபோன தொட்டி மண் கொஞ்சமும் இளகவில்லை. எழும்பிய ஆவி மட்டும் எல்ரோயின் மூக்குக் கண்ணாடியில் படிந்து, அங்கேயே உறைந்துபோனது. ஒரு கையில் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் கிளைக் கட்டும், மறு கையில் சிவப்புத் தண்டுக் குச்சிகளுமாக அவர் தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அக்டோபரிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. மண் மண்ணாக இருக்கும்போதே கிளைகளைச் செருகி வைத்தால், பிறகு குளிர் வந்து தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் வரை பச்சையும் சிவப்புமாக அசையாமல் நிற்கும். மினசோட்டாவின் வடகோடியில் இது தெரியாத வீடு கிடையாது. எல்ரோய்க்குத்தான் தெரியாது. முப்பத்தோரு வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர் அவர். குளிர்காலம் என்பது அவருக்கு ஓரமாகத் தள்ளிவிட வேண்டிய ஒரு சமாசாரம். அதை அழகுபடுத்திப் பார்க்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

சொன்னது மனைவி லவோன். இடுப்பு ஆபரேஷன் ஆன காலோடு வழுக்குகிற ஊரில் இருக்க வேண்டாம் என்று, பனி விழுமுன்பே அரிசோனாவில் தங்கை டார்லா வீட்டுக்குப் போயிருந்தாள். நடை தேறிவிட்டது. மனம்தான் ஊர் திரும்ப மறுத்தது. டார்லாவுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு வருகிறதாம். வாசலில் ஆரஞ்சு மரமாம். கிறிஸ்துமஸுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"அஞ்சு மாசம் சமையலறை ஜன்னல்ல நின்னு நான் எதைப் பாக்கறது எல்ரோய்? செத்துப்போன செடியும் உன் டிரக்கும். நாப்பது வருஷம் பாத்தாச்சு."

"நான் முற்றத்தை அழகு பண்ணி வைக்கிறேன்."

"நீயா?"

"நானேதான். வந்து பாரு."

"நான் வர்றதுக்கு முன்னாடி பியூலா பாத்துச் சொல்லட்டும். அவ பொய் சொல்ல மாட்டா. உன்னைக் கேட்டா, கூரை பறந்துபோனாக்கூட நல்ல காத்தோட்டமா இருக்குன்னுவ."

ஆரஞ்சு மரத்தின்மேல் எல்ரோய்க்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் பனியே விழாத ஊரில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. லவோன் இல்லாத இந்த வீட்டிலும் அது தெரியவில்லை. எங்கே அவள் அங்கேயே வேர் விட்டுவிடுவாளோ என்ற பயத்தில் ஒரு வாரமாக உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியாமல், ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்துகொண்டிருந்தார்.

பியூலா பக்கத்து வீட்டு விதவை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அவளுடைய பக்கவாட்டு ஜன்னல் எல்ரோயின் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. இப்போதெல்லாம் அங்கே பகலிலும் விளக்கு எரிந்தது. லவோன் ஞாயிறுதோறும் அவளுக்குப் போன் செய்வாள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசினால் வம்பு பேசியதாக ஆகிவிடும் என்று இரண்டு பேருமே நம்பினார்கள். அதிலும் லவோன் ரோஷக்காரி. 'என் புருஷன் உருப்படியாக ஏதாவது செய்தானா' என்று வாய்விட்டுக் கேட்பாளா? "பார்வைக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். பியூலா அரை வாக்கியம் பதில் சொல்வாள். அந்த அரை வாக்கியம் அரிசோனா வழியாக எல்ரோய்க்கு வந்து சேரும்.

சரி, வெந்நீருக்கு மசியாத மண்ணை வேறு எதற்கு மசிய வைப்பது? எல்ரோய் கொட்டகைக்குப் போய், ஏரி உறைந்ததும் மீன் பிடிக்கப் பனியில் துளை போடும் இயந்திரத்தை எடுத்து வந்தார். இரண்டடிப் பனிக்கட்டியை இருபது விநாடியில் குடைகிற சாமான். தொட்டி மண்ணில் வைத்து அழுத்தினார். துளை அருமையாக விழுந்தது. கூடவே, லவோன் ஆசை ஆசையாக வாங்கிய அந்தப் பெரிய நீலப் பீங்கான் தொட்டி, தேங்காய் மாதிரி இரண்டாகப் பிளந்தது.

அவர் கலங்கவில்லை. ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரிதானே. பழைய லாரி டியூபை நீள நீளமாக அறுத்துத் தொட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். துளையில் கிளைகளைச் செருகி, தண்ணீர் ஊற்றி உறைய விட்டார். பச்சை, சிவப்பு, அடியில் கறுகறுவென்று ரப்பர். தூரத்தில் நின்று பார்த்தபோது அவருக்குத் திருப்தியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது.

"வித்தியாசமா இருக்குன்னா பியூலா," என்றாள் லவோன்.

எல்ரோயின் ஊரில் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை, குழந்தையை, புது மருமகளைப் பார்த்து 'வித்தியாசமா இருக்கு' என்றால், அதற்குமேல் திட்ட ஒன்றும் பாக்கி இல்லை என்று பொருள்.

"நடுவுல கறுப்பா ஏதோ நிக்குதாம். நீ என்னத்தைக் கொண்டுபோய் நடுவுல வெச்ச?"

"அதை எடுத்துடறேன்," என்றார்.

எடுத்தார். தொட்டியைக் கொட்டகைக்குப் பின்னால் உருட்டிவிட்டு, தீவனக் கடை குர்ட்டிடம் போய் யோசனை கேட்டார். வெள்ளைப் பனியில் சிவப்புப் பறவை வந்து உட்கார்ந்தால் அதைவிட அழகு உண்டா என்றான் குர்ட். சோளமும் சூரியகாந்தி விதையும் தூவினால் கார்டினல் குருவிகள் தாமாகத் தேடி வருமாம். ஒரு மூட்டை போதுமா என்று எல்ரோய் கேட்டதற்கு, மூன்று இருந்தால் நல்லது என்று வியாபாரி சொன்னான்.

குருவிகள் வருவதற்குள் மான்கள் வந்தன. பதினோரு மான்கள். சோளத்தைத் தின்றுவிட்டு, ஸ்ப்ரூஸ் கிளைகளைத் தின்றுவிட்டு, வேலியோரம் லவோன் பதினைந்து வருஷம் வளர்த்த சீடார் செடிகளைக் கழுத்து எட்டும் உயரம் வரை மொட்டையாக்கிவிட்டு, இன்னும் என்ன இருக்கிறது என்று சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தன. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. எல்ரோய் சட்டியைத் தட்டினார், விளக்குமாற்றை வீசினார், டிரக்கின் ஹாரனை அடித்தார். மான்கள் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

மிச்சமிருந்த செடிகளையாவது காப்பாற்ற வேண்டும். காலி மூட்டைகளைப் பிரித்து, குர்ட்டிடம் இன்னும் இருபது சாக்கு வாங்கி, ஒவ்வொரு செடியையும் உச்சி முதல் அடி வரை சுற்றிக் கயிற்றால் கட்டினார். வேலை முடிந்தபோது ஒன்பது சாக்கு உருவங்கள் முற்றத்தில் வரிசையாக நின்றன. தீர்ப்புக்காகக் காத்திருக்கும் கைதிகள் போல இருந்தது.

போகிற போக்கில் பியூலாவின் ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டினார். பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கை ஆட்டினால் செத்துக்கொண்டிருப்பவர்கூடப் பதிலுக்கு ஆட்டுகிற தெரு அது. எல்ரோய்க்கு முகம் வாடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்பு இது: "எல்லாம் மங்கலா இருக்காம். எது எதுன்னே தெரியலையாம். வெளிச்சம் பத்தலையாம்."

"வெளிச்சந்தானே," என்றார் எல்ரோய். கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்த நிம்மதி அவருக்கு.

வாளியில் தண்ணீர் ஊற்றி வெளியே வைத்தால் ஓரம் மட்டும் முதலில் உறையும். நடுவில் உறையாத தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினால் அதுதான் பனிக்கட்டி விளக்கு. ஊரில் இதைச் செய்யாதவர்கள் இல்லை. வாசலுக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் நான்கு வைப்பார்கள். எல்ரோய் நாற்பது வைக்கத் தீர்மானித்தார். ஊரில் அகப்பட்ட வாளிகளையெல்லாம் இரவல் வாங்கிப் பரப்பினார். வெளிக்குழாய் குளிர்காலத்துக்காக அடைக்கப்பட்டிருந்ததால், நிலவறையில் துணி துவைக்கிற குழாயிலிருந்து ஹோஸை இழுத்து ஜன்னல் வழியாக வெளியே விட்டார்.

இருபத்திரண்டாவது வாளி நிரம்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் போன் அடித்தது. லவோனோ என்று பதறி ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். லவோன் இல்லை, டார்லா. அரிசோனா வீட்டின் குளியலறை எத்தனை பெரியது, அதில் எத்தனை கைப்பிடிகள் இருக்கின்றன, இடுப்பு ஆபரேஷன் ஆனவளுக்கு அது எத்தனை சௌகரியம் என்று முக்கால் மணி நேரம் விவரித்தாள். மறுத்துப் பேச நியாயம் ஒன்றும் இல்லாததால் எல்ரோய் ஊம் கொட்டிக்கொண்டே நின்றார். திரும்பி வந்து பார்த்தபோது முற்றம் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஏரி இருந்தது, அதுவும் உறைய ஆரம்பித்திருந்தது. தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று மிச்சப் பதினெட்டு வாளிகளையும் நிரப்பி முடித்தார்.

மறுநாள் மான்கள் வந்தன. முதல் மான் கால் வைத்தது, நான்கு காலும் நான்கு திசையில் போய், வயிறு தரையில் பட உட்கார்ந்தது. எப்படியோ எழுந்து போன பிறகு எல்ரோய் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அதே இடத்தில் கால் வைத்தார். மானுக்கு ஆனதே அவருக்கும் ஆயிற்று. மணல் கொட்டியதில் வெள்ளையாக இருந்த முற்றம் பழுப்பாகிவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றிய நாற்பது விளக்குகளும் அந்தப் பழுப்பு ஏரிக்குமேல் தள்ளாடித் தள்ளாடி எரிந்தன.

"தண்ணிக்குள்ளேர்ந்து பாக்கற மாதிரி இருக்குன்னா," என்றாள் லவோன். அவள் குரல் இறங்கியிருந்தது. "எல்லாம் ஆடுதாம். வெளிச்சம் வேற கூசுதாம். எல்ரோய், அங்க என்னதான் நடக்குது?"

"கொஞ்சம் தண்ணி சிந்திடுச்சு."

"பியூலாவுக்குத் தலை சுத்துதாம்."

"கொஞ்சம் அதிகமாவே சிந்திடுச்சு."

பிறகு லவோன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை டார்லாவுக்கு முடிவு சொல்லியாக வேண்டும் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எல்ரோய் தாங்கியிருப்பார். அவள் பரிவாகச் சொன்னாள். அதுதான் அவரைக் கலக்கியது.

போனை வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று அவள் நின்று பார்க்கிற இடத்திலிருந்து பார்த்தார். மொட்டைச் செடிகள், சாக்கு உருவங்கள், சரிந்த விளக்குகள், மணல். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தால்கூடப் பரவாயில்லை, இது குரங்காகவும் இல்லை. முன்பு குறைந்தபட்சம் ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்த ஒன்றுமில்லாததையும் கெடுத்தாயிற்று.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். டிரக்கின் முன்னால் பனி தள்ளும் தகட்டைப் பொருத்தினார். முப்பத்தோரு வருஷம் செய்த வேலை. சாக்கு, சாக்குக்குள் இருந்த செடிகள், விளக்குகள், மணல், சோளம், பெயர்ந்து வந்த பனிக்கட்டிப் பாளங்கள், கொட்டகைக்குப் பின்னால் கிடந்த நீலத் தொட்டி உட்பட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வேலி மூலைக்குத் தள்ளிக் குவித்தார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றே பனி விழ ஆரம்பித்தது. மூன்று நாள் விடாமல் விழுந்து முற்றத்தை மூடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரிசோனாவுக்குச் சரி என்று சொல்லிவிடுவது என்று தீர்மானம். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சத்தமாகவே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எல்ரோய்," என்றாள் லவோன். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ரொம்ப மோசமில்லைன்னா."

"என்னது?"

"ரொம்ப மோசமில்லையாம். இப்பத்தான் எல்லாம் தெளிவா இருக்காம். மூலையில மட்டும் உருண்டையா ஏதோ கிடக்காம். அதுவும் போகப்போகக் கரைஞ்சிடுமாம்."

எல்ரோய் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் 'ரொம்ப மோசமில்லை' என்பதற்குமேல் பாராட்டு கிடையாது. பியூலாவின் கணவர் இறந்தபோது, கல்லறையருகே நின்று அவள் சொன்னது 'மோசமான மனுஷர் இல்லை' என்பதுதான். 'ரொம்ப' என்கிற சொல்லை அவருக்குக்கூடக் கொடுக்கவில்லை.

"டார்லாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். வியாழக்கிழமை வர்றேன். பியூலா வாயிலேர்ந்து அப்படி வரவெச்சியே, அதை நான் பாக்க வேண்டாமா?"

சந்தோஷம் முழுதாக ஒரு நிமிஷம் நீடித்தது. அப்புறம்தான் எல்ரோய்க்கு உறைத்தது, காட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஏதாவது செய்யலாமா என்று கை பரபரத்தது. செய்தால் பியூலா சொன்னது கெட்டுவிடுமே என்று கையைக் கட்டிக்கொண்டார். நான்கு நாளும் முற்றத்தில் அவர் ஒரு காலடிகூட வைக்கவில்லை. தபால் எடுக்கப் பின்வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் வந்தார். மான்கள் வருகின்றனவா என்று விளக்குமாற்றோடு ஜன்னலில் காவல் இருந்தார்.

வியாழக்கிழமை லவோன் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் எல்ரோய் எழுந்து வந்தபோது, அவள் ஏற்கெனவே சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் காபியை ஊற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றார். குடிக்கத் தோன்றவில்லை.

முற்றம் ஒரு மடிப்பு இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. மூலையில் அந்தக் குவியல் மட்டும். பனிக்குள்ளிருந்து சிவப்புக் குச்சிகள் கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருந்தன. உடைந்த விளக்குகளிலும் பனிக்கட்டிப் பாளங்களிலும் காலை வெயில் பட்டுத் தெறித்தது. இடையில் அங்கங்கே நீலம். சோளத்தைக் கண்டுபிடித்து ஏழெட்டு கார்டினல் குருவிகள் குவியல் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அத்தனை சிவப்பு.

"அது என் நீலத் தொட்டியா?"

"ஆமா."

"முழுசா இருக்கா?"

"ரெண்டு பாதியும் முழுசா இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்ரோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வெந்நீர், துளை போடும் இயந்திரம், மான்கள், ஹோஸ், டார்லாவின் குளியலறை, ஒன்றையும் விடவில்லை.

"எனக்குத் தள்ளத்தான் தெரியும் லவோன். அழகு பண்ணத் தெரியாது. நீ இல்லாம இந்த வீட்ல இருக்க முடியல. அதான் கண்டதையும் பண்ணிட்டேன். உனக்கு அரிசோனாதான் வேணும்னா இன்னிக்கே சொல்லு, வந்துடறேன்."

லவோன் அவர் கையிலிருந்த காபியை வாங்கிக்கொண்டாள். ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெகு நேரம் குருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் நின்றிருந்த எல்ரோய்க்கு அவள் முகம் தெரியவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பியூலா பொய் சொல்ல மாட்டா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரொம்ப மோசமில்லை."

பத்து மணிக்குள் அடுப்பு மூட்டி, உருளைக்கிழங்கைப் பிசைந்து, லெஃப்சே ரொட்டி சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி ஒரு தட்டு நிறைய அடுக்கினாள். வாராவாரம் ஒளிவுமறைவில்லாமல் உள்ளதைச் சொன்னவளுக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்றாள். எல்ரோய் தலையைச் சீவிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

கதவைத் திறந்தது பியூலாவின் தம்பி மகன் பெண்டாட்டி ஜோலீன். டுலூத் நகரத்தில் நர்ஸ் வேலை பார்ப்பவள், ஒரு மாதமாக இங்கேதான் இருக்கிறாளாம். லவோன் எல்ரோயிடமிருந்து தட்டை வாங்கிக் கொடுத்து, இத்தனை வாரமும் பொறுமையாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி என்றாள்.

"நன்றி நாங்கதானே சொல்லணும் லவோன்," என்றாள் ஜோலீன். "கண்ணு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அத்தை தலையைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால தரையையே பாத்துட்டிருக்காங்க, இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் ஞாயிறு தவறாம போன் பண்ணி 'பார்வைக்கு எப்படி இருக்கு'ன்னு கேட்டீங்களாமே."